கன்னியம்மாள் கேம் கடை

திருத்தணியில் சரவணப் பொய்கைக்குப் போகிற தெருவில், 1987-ஆம் வருஷம் தைக் கிருத்திகை முடிந்த கையோடு கன்னியம்மாள் வீடியோ கேம் கடை திறந்தாள். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்கு அது என்ன கடை என்றே விளங்கவில்லை. ஒரு பாட்டையா உள்ளே வந்து, "கற்பூரம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரே அறை. ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதன் கீழே பர்மா பஜாரில் வாங்கிய கறுப்புப் பெட்டி, பெட்டியிலிருந்து நீளும் இரண்டு ஒயர்கள், ஒயர் முனையில் கையால் பிடித்து ஆட இரண்டு ஸ்டிக். எதிரே இரண்டு பெஞ்சு. பெட்டியின் தலையில் ஒரு பிளவு இருக்கும். அதில் கேசட்டைச் செருகினால் டிவியில் ஆட்டம் வரும். கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும். கன்னியம்மாளிடம் இருந்தது மூன்று கேசட்.

அவள் ஆர்.கே.பேட்டை நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். விவரம் தெரிந்த நாளிலிருந்து தறிக்குழியில் கால் விட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள். கல்யாணமாகிப் போன இடத்திலும் அதே தறி, அதே மாதிரி சுவர், கூடுதலாக ஒரு மாமியார். புருஷன் பஞ்சாட்சரத்துக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. வேலைக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று திருத்தணியில் தனியாக வீடு பார்த்து வந்தார்கள். வந்த பிறகு தன் பங்குத் தறியை விற்றுத்தான் இந்தப் பெட்டியை வாங்கினாள். ஏன் இதை வாங்கினாள் என்றால், மூர்மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பத்துப் பேர் ஒரு டிவியைச் சுற்றி நின்று கத்துவதை ஒருநாள் பார்த்துவிட்டாள். அத்தனை சந்தோஷமான கத்தலை அவள் கல்யாண வீட்டில்கூடக் கேட்டதில்லை. கடை திறந்த பிறகு முதல்முறையாக மனிதர்கள், டிவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் மூன்று மாதம் கடை பிய்த்துக்கொண்டு போனது. மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள், கனகம்மாசத்திரத்திலிருந்து சைக்கிளில் வருகிற இளவட்டங்கள் என்று பெஞ்சில் இடம் கிடைக்காது. அப்புறம் மெல்ல மெல்ல ஆள் குறைந்தது. வெளியூர் யாத்திரைக்காரர்கள் கிருத்திகைக்குத்தான் வருவார்கள். மற்ற நாளில் கடையைத் தாங்க வேண்டியது உள்ளூர்க்காரர்கள். அவர்களோ மூன்று ஆட்டத்தையும் கரைத்துக் குடித்திருந்தார்கள். "இன்னாக்கா, அதே படத்தையே ஓட்டிகினு கீற?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பாவா வந்து சேர்ந்தார். பாவா என்றால் அவளுடைய அக்கா புருஷன் பரந்தாமன். வாயைத் திறந்தால் பெருமையைத் தவிர வேறு வராது, ஆனால் கெட்டவர் இல்லை. கன்னியம்மாள் கடையில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர், சித்திரை மாதம் எதிர்வரிசையிலேயே ஒரு கடை பிடித்து சிங்கப்பூரிலிருந்து நேராக வரவழைத்த புது மிஷினை வைத்தார். கலர் டிவி, மின்விசிறி, வாசலுக்குப் பூப்போட்ட திரை. படம் சினிமா மாதிரி ஓடியது. பாட்டுகூட வந்தது.

"இதுக்கு முன்னாடி உன்னுது இன்னா மிஷினு? கரிக்கட்டைல கோடு இழுத்தாப்பல இருக்குது" என்றார் பாவா, அவள் கடைக்கே வந்து காபி குடித்துக்கொண்டே.

"ஆங், இருக்கட்டும் பாவா. காபிக்குச் சக்கரை போதுமா?" என்றாள் கன்னியம்மாள். காபியில் வேண்டுமென்றே சர்க்கரை குறைத்திருந்தாள்.

இருந்த கொஞ்சம் பேரும் எதிர்வரிசைக்குப் போனார்கள். ஆனி மாதம் கட்டடத்துச் சொந்தக்காரர் சுந்தரமூர்த்தி வந்து காலி பெஞ்சைப் பார்த்தார். அவர் வாடகைக்காகக் கத்துகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைக் கடையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் வாயால் சொல்ல மாட்டார், கையில் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டோடு வந்து நிற்பார். பூட்டைப் பார்த்தால் ஆள் புரிந்துகொண்டு சாமானை எடுக்க வேண்டியதுதான். தெருவில் அவருக்குப் பெயரே பூட்டுக்காரர்.

"இதோ பார் கன்னியம்மா, காலியாக் கெடக்கிற கடை என் கட்டடத்துக்கு ஆவாது. குங்குமக் கடைக்காரன் கேட்டுகினு இருக்கான். ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கறேன்" என்றார். அன்றைக்குப் பூட்டு கொண்டுவரவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

அன்று சாயந்தரம் பஞ்சாட்சரம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "போனாப் போவுது, விடு. ஊர்ல அம்மா கூடத்துல எடம் கீது. இன்னொரு தறி போட்டுக்கலாம்" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தறி மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தச் சுவரைத்தான் இனி பார்க்க முடியாது.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு எதிர்வரிசைக்கே போய் உட்கார்ந்தாள். எதிரி வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்காமல் எப்படிச் சமைப்பது? பாவா பெருமையாகப் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். படம் அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மிஷினோடு வந்தது இரண்டே கேசட். இரண்டும் ஒற்றை ஆள் ஆடுகிற ஆட்டம். ஒருவன் ஆட, மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். "இப்ப குகை வரும், அப்பால பாம்பு வரும், குதிடா" என்று ஒருத்தன் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். பாவாவின் கூட்டமும் கரையப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு அப்பா வரதராஜன் ஞாபகம்தான் வந்தது.

அப்பா வைத்திருந்தது தெருவிலேயே பழைய தறி. பக்கத்து வீட்டில் புதுத் தறி, வழவழவென்று இருக்கும். ஆனால் சேலை வியாபாரிகள் வரிசை கட்டியது அப்பா வாசலில். காரணம் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற அட்டைகள். ஓட்டை போட்ட அந்த அட்டைக் கோவையை மாற்றினால் மயில் போய் மாங்காய் வரும், மாங்காய் போய் ருத்ராட்சம் வரும். அப்பாவிடம் வகை வகையாக அட்டை இருந்தது. தறியா ஓடுகிறது, அட்டைதானே ஓடுகிறது?

அப்படியானால் கேசட் வேண்டும். இங்கேதான் கன்னியம்மாள் செய்து வைத்திருந்த முட்டாள்தனம் அவளுக்கு உறைத்தது. நெசவுக்கார வீட்டைத் தவிர வேறு எங்கும் அப்படி ஒரு முட்டாள்தனம் நடந்திருக்காது.

கடை நன்றாக ஓடிய நாளில் பஞ்சாட்சரத்தோடு வேலை செய்கிற இளங்கோவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அவன் வீட்டிலும் இதே பெட்டி. பையிலிருந்து இரண்டு கேசட்டை எடுத்து வைத்து, "ஒரு மாசம் உங்களுது குடுங்க, எங்களுது வெச்சிக்குங்க. பசங்களுக்குப் பழசு போரடிக்குதாம்" என்றான். அவன் பேசி முடிப்பதற்குள் கன்னியம்மாள் மூன்று கேசட்டையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "எங்க வீட்ல அட்டைய வெளியே குடுக்கற பழக்கம் இல்லீங்க" என்றாள். அட்டையைக் கொடுத்தவன் தறியையும் கொடுத்தான் என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். ஒருவர் வீட்டு மயில் அடுத்தவர் சேலையில் ஏறினால் அங்கே பேச்சுவார்த்தையே அறுந்துவிடும். இளங்கோவன் பாதிக் காபியோடு எழுந்து போனான்.

இப்போது பாவா கடைப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கணக்கு இடித்தது. அப்பா அட்டையைப் பூட்டி வைத்தார், சரி. அவருக்குப் புது அட்டை அடிக்கத் தெரியும். கேசட்டை அடிக்கத் தெரியாதவள் மூன்றைப் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறாள்? அடைகாத்தால் குஞ்சா பொரிக்கும்?

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாட்சரத்தை இழுத்துக்கொண்டு அரக்கோணம் ரயில்வே காலனிக்குப் போனாள். கையில் மூன்று கேசட்டும், ஒரு தூக்குவாளி நிறைய அதிரசமும் இருந்தன. இளங்கோவன் வீட்டு வாசலில் நின்று, "அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க. புத்தியில்லாமப் பேசிட்டேன்" என்று சொன்னபோது வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. இளங்கோவன் முதலில் முகம் கொடுக்கவில்லை. இரண்டாவது அதிரசத்தில் இளகினான்.

"நம்ம காலனிலயே நாலு வூட்ல இதே பொட்டிதான். ஒருத்தன் துபாய்லருந்து எடுத்தாந்தான், அவனப் பாத்து மத்தவங்க வாங்கினாங்க. ஆளுக்கு நாலு கேசட் கீது. நீங்க வந்தா அஞ்சு வூடு" என்றான்.

அப்படியே முடிவாயிற்று. வாராவாரம் பஞ்சாட்சரம் சாப்பாட்டுப் பையில் கேசட்டைப் போட்டுக்கொண்டு ரயிலில் கொண்டுபோவான், வேறு கேசட்டோடு திரும்புவான். கடை வாசலில் "இந்த வாரம் புது ஆட்டம்" என்று கரியால் எழுதிய பலகை தொங்கியது. கன்னியம்மாள் கேசட் பொறுக்குவதில் ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். இரண்டு பேர் எதிரெதிராக ஆடுகிற ஆட்டமாக இருக்க வேண்டும். ஒற்றை ஆள் ஆடினால் ஒருவன்தான் கத்துவான். இரண்டு பேர் ஆடினால் தெருவே இரண்டு கட்சியாகிவிடும்.

ஆடிக் கிருத்திகையும் வந்தது. காவடி காவடியாக மலை ஏறியது. மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனம் தெருவை அடைத்தது. கன்னியம்மாள் கடையில் டாங்கி ஆட்டம். இரண்டு டாங்கிகள் ஒன்றையொன்று துரத்திச் சுடும், அவ்வளவுதான். சித்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாமியாரும் மருமகளும், இரண்டு பேருமே புது மொட்டை, ஆளுக்கொரு ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பெஞ்சில் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் மருமகள் கட்சி. வாசலில் நின்ற பெண்பிள்ளைகளில் வயசானவர்கள் மாமியார் கட்சி. மாமியார் மருமகளின் டாங்கியைச் சுவரோரம் மடக்கி விடாமல் சுட்டாள். கூட்டம் போட்ட சத்தத்தில் காவடிக்காரர்களே நின்று எட்டிப் பார்த்தார்கள். "வீட்ல கூட இவ்ளோ சந்தோஷமா சண்ட போட்டதில்ல" என்றாள் மருமகள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு.

அந்த நேரத்தில் சுந்தரமூர்த்தி வந்தார். கையில் பூட்டு.

கன்னியம்மாள் பூட்டைத்தான் முதலில் பார்த்தாள். காலையில் ஜனமெல்லாம் மலை ஏறப் போனதால் பத்து மணிவரை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள், அதை யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார், டிவியைப் பார்த்தார், மொட்டைத் தலைகளைப் பார்த்தார். மருமகள் தோற்று எழுந்ததும் அந்த இடம் காலியானது. மாமியார் ஜெயித்த ஜோரில், "எவரு வஸ்தாரு? ரா நைனா!" என்று தெலுங்கில் அவரையே ஆட்டத்துக்குக் கூப்பிட்டாள். பெரிய மனுஷர் என்ன செய்வார்? பூட்டைப் பெஞ்சுக்கடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தோற்றார். இன்னொரு ஆட்டம் கேட்டார். அதிலும் தோற்றார். அந்தம்மாள் கிளம்பிப் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. சாயந்தரம் எதிர்வரிசையில் திரையை இறக்கிவிட்டுப் பாவா வந்து வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

"கன்னியம்மா, எனக்கும் ஒரு கேசட் குடேன். கூட்டத்தப் பாரு, என் கடைல ஒருத்தன் இல்ல."

அவள் ஒன்றை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். பாவா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மிஷின் பிளவு வேறு அளவு. அந்த மிஷின் அரக்கோணத்திலும் யார் வீட்டிலும் இல்லை. அத்தனை அழகான மிஷினுக்குச் சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. கன்னியம்மாளுக்கு உண்மையாகவே அவர் மேல் பாவமாக இருந்தது.

"உக்காருங்க பாவா. நாளைலருந்து உங்க கலர் டிவிய இங்க எடுத்தாந்துடுங்க, என் பொட்டிய அதுல மாட்டிக்கலாம். இப்ப அந்த இன்னொரு ஸ்டிக்கப் புடிங்க, ஐயா ரொம்ப நேரமா ஒருத்தரயாச்சும் ஜெயிக்கணும்னு உக்காந்துகினு கீறாரு" என்றாள். இந்த முறை காபியில் சர்க்கரை தாராளமாகவே போட்டாள்.

பாவா சுந்தரமூர்த்தியிடம் தோற்றார். கட்டடக்காரர் ஜெயித்த சந்தோஷத்தில் வேட்டியை உதறிக்கொண்டு, வந்த காரியத்தை அடியோடு மறந்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கன்னியம்மாள் பெருக்கும்போது பெஞ்சுக்கடியில் பூட்டு கிடந்தது. துடைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். சுந்தரமூர்த்தி பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது நல்ல பூட்டும்மா. நீயே வெச்சிக்கோ, கலர் டிவி வேற வருதாமே. ராத்திரி கடைய நல்லாப் பூட்டிகினு போ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புது கேசட்டு என்னிக்கு வருது?" என்று கேட்டார்.