புதுக் கீபோர்டும் அதிபரின் பாஸ்வேர்டும்

நமுனுகுலயில் நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையின் ஒரே கம்ப்யூட்டர் இன்று என்னை உள்ளே விடவில்லை.

நாளைய தவணைப் பரீட்சையின் வினாத்தாள் அதற்குள்தான் இருந்தது. யாரும் திருடிவிடக் கூடாது என்று, விண்டோஸ் வருவதற்கு முன்பே பாஸ்வேர்ட் கேட்கும்படி எங்கள் பாடசாலை அதிபர் செய்துவைத்திருந்தார்.

பழைய கீபோர்ட் மழை ஈரத்தில் செத்துவிட்டது. பதுளையில் வாங்கிவந்த புதியது யூஎஸ்பி. எங்கள் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் வந்தால்தான் அது வேலை செய்யும். பாஸ்வேர்ட் அடித்தால்தான் விண்டோஸ் வரும்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். பின்னால் நின்று, "பாத்தீரே, ஒருத்தராலும் திறக்கேலாது" என்றார் பெருமையாக.

"நம்மளாலயும் முடியலையே சேர்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப நாளைக்குப் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

கம்ப்யூட்டர் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்க உதவும், காசு போல இருந்த பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்து வந்து மறுபடி மாட்டினேன். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டது. விண்டோஸ் வந்தது, கீபோர்டும் வேலை செய்தது. வினாத்தாள் பிரிண்டரில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அப்ப கள்ளனும் இப்பிடித்தானே திறப்பான்?" என்று அதிபர் கேட்டார்.

"ஆமாங்க சேர். ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தா போதும்."

அவர் என் கையிலிருந்த ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டு போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

உங்கள் பாடசாலையில் எதைப் பூட்டிவைத்திருக்கிறார்கள்?