துர்குன்பாய் மனைவியின் முகத்தை வரைந்த கதை

நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் இரண்டுக்கும் நடுவில் கோகந்து ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மார்க்கத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று இமாம் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டார், யார் காதில் ஏறுகிறது? கல்யாணம் இல்லையென்றால் கல்யாணப் புலாவு இல்லை. புலாவு இல்லையென்றால் பந்திச் சமையலில் கைதேர்ந்த உஸ்தா துர்குன்பாய்க்கு வேலை இல்லை. வண்டிச் சக்கரம் அகலக் கொப்பரைகளைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு மனுஷன் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அடுப்படியில் எட்டிப் பார்த்து, சூப்பில் உப்பு போதாது என்றார்.

"எங்கயாவது போயிட்டு வாங்களேன்!" என்று கரண்டியை ஓங்கினாள் மனைவி மாவ்ஜூதா. "கல்யாண வீட்டுல நீங்க உஸ்தாவா இருக்கலாம். இந்த அடுப்புக்கு நான்தான் உஸ்தா."

போனார். பூங்காவை ஒட்டிய நூலகத்தில், பெரியவர்களுக்கான ஓவிய வகுப்பில் போய்ப் பெயர் கொடுத்தார். மூன்றே மூன்று ஞாயிறு. பழங்கால மேதைகளின் முறைப்படி எண்ணெய்ச் சாயத்தில் முகம் வரையலாம் என்று வாசலில் ஒட்டியிருந்தது. டீச்சர் ரைசா தாதர் இனத்துப் பெண், இவருடைய மகளைவிடச் சின்னவள். பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர் கோசிம். அந்த ஆளுக்குப் பிறர் வாயைத் திறக்க வைத்துப் பழக்கமே தவிர, தன் வாயை மூடிப் பழக்கமில்லை.

பொழுது போகாமல் போனார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குள் ஒரு பயம் இருந்தது. கல்யாண வீட்டில் விடியற்காலையில் பரிமாறும் புலாவுக்காக ஊர் தூங்கும்போதே கிளம்பிவிடுவார். திரும்பி வந்தால் தூக்கம். இத்தனை வருஷமும் இப்படியே ஓடிவிட்டது. இந்த வசந்தத்தில் ஏதோ ஒரு ஊரில் கொப்பரை முன்னால் நின்றபோது மாவ்ஜூதாவின் முகத்தை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. தலைத்துணி வந்தது, கை வந்தது, திட்டுகிற குரல்கூட வந்தது, முகம் மட்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து போட்டோக்களைப் புரட்டினால், எல்லாவற்றிலும் குனிந்திருக்கிறாள், இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். சுவரில் மாட்ட ஒரு முகம் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

முதல் ஞாயிறு கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டிக்கொண்டு போனார். "ஒரு தடவைதான். ஊரே பார்க்க உட்கார நான் என்ன புதுப்பொண்ணா?" என்று சொல்லி உட்கார்ந்தவள், தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் முகம் முழுவதையும் சாம்பல் நிறத்தில் போட வேண்டும், அது காய்ந்த பிறகு மேலே மெல்லிய வண்ணங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். அதுதான் முறை.

"அடிப்பூச்சுல எண்ணெய் சேர்க்காதீங்க. டர்பன்டைன் விட்டு மெல்லிசா இழுங்க. எண்ணெய் எல்லாம் மேல்பூச்சுக்குத்தான்" என்றாள் ரைசா.

துர்குன்பாய்க்குச் சிரிப்பு வந்தது. பாவம், சின்னப் பெண், தலைகீழாகச் சொல்கிறது! அடியில் எண்ணெய் தாராளமாக நின்று புகைந்தால்தானே மேலே எதுவும் நிற்கும்? உலகத்தில் எந்தக் கொப்பரையாவது வேறு மாதிரி வெந்திருக்கிறதா? அவள் திரும்பிய நேரமாகப் பார்த்து, ஆளிவிதை எண்ணெயை மளமளவென்று சாயத்தில் கவிழ்த்தார். முகம் பளபளவென்று வந்தது. பெருமையோடு வீடு திரும்பினார்.

அடுத்த ஞாயிறு கன்னத்துக்கு ரோஜா நிறத்தைத் தொட்டு இழுத்தார். கன்னமும் கூடவே வந்தது.

"உஸ்தா, வீட்டம்மா மூக்கு காதுப்பக்கம் கிளம்பிடுச்சு, பிடிங்க பிடிங்க!" என்று கத்தினார் கோசிம்.

ரைசா ஓடிவந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு எண்ணெய் விட்டீங்க?"

"கண்ணளவுதான்மா."

"யாரு கண்ணளவு? ஐநூறு பேருக்கு ஆக்கற கண்ணளவா?"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. துர்குன்பாயும் சிரித்தார், பிறகு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். இது காய மாசக்கணக்கில் ஆகும். வருகிற ஞாயிறோடு வகுப்பு முடிகிறது. பெருநாள் கழிந்தால் கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும்.

"இதைச் சுரண்டிடுங்க. பழைய ஆளுங்ககிட்ட இன்னொரு வழியும் இருக்கு. ஈரத்து மேலயே ஈரமா, ஒரே மூச்சுல போட்டு முடிக்கறது. ஆனா அவங்க எதிர்ல வந்து உட்காரணும்" என்றாள் ரைசா.

வீட்டில் மாவ்ஜூதா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மூக்கு ஓடிப்போச்சா! நல்லா வேணும்!" பிறகு, "மறுபடியும் உட்காரவா? அதெல்லாம் முடியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் வாசற்படியில் நின்றபடியே சொல்லிவிட்டார். "கொப்பரை முன்னால நிக்கறப்ப உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு."

அவள் மாவை ஈரத்துணி போட்டு மூடினாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை, அவருக்கும் எடுக்கத் துணிச்சல் வரவில்லை.

கடைசி ஞாயிறு தனியாகப் போனார். சுரண்டிய துணிச்சட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கோசிம்கூட அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை. பாதி வகுப்பு முடிந்துபோயிருந்தபோது மாவ்ஜூதா வந்தாள், விருந்துக்கு மட்டும் உடுத்துகிற பட்டாடையை உடுத்திக்கொண்டு. நேராக வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க பார்க்கணும்?"

"உனக்கு எங்க தோணுதோ, அங்க பாரு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் கண் இளம்பழுப்பு. இடது கண்ணில் கறுப்பாக ஒரு புள்ளி. இவ்வளவு நாள் இதெல்லாம் எங்கே இருந்தது? வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தூரிகையைச் சாயத்தில் தோய்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர் காதில் விழாதபடி அவள் கேட்டாள்: "கல்யாணத்தன்னைக்கு நம்ம தலைமேல துணியைப் போட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க உள்ள கண்ணாடி காட்டினாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ கண்ணை மூடிட்டிருந்தே."

"பயம். உங்களைப் பார்க்கவே இல்ல. அப்புறம் புள்ளைங்க, அடுப்பு, உங்க கல்யாண வீடுங்க. நிதானமா பார்க்க நேரமே அமையல."

அவர் வரைந்துகொண்டே இருந்தார். மூக்கு லேசாகக் கோணியது, போகட்டும். கண்கள் மட்டும் துணியிலிருந்து அவரை நேராகப் பார்த்தன.

வெளியே நிழல் நீண்டுவிட்டது. மற்றவர்கள் தூரிகைகளைக் கழுவி வைத்தார்கள். ரைசா கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "போதும் உஸ்தா, கையை எடுங்க. இது முடிஞ்சாச்சு" என்றாள்.

துர்குன்பாய் தூரிகையைக் கீழே வைத்தார். மாவ்ஜூதா நாற்காலியை விட்டு எழவில்லை. அவர் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா" என்றாள் டீச்சரிடம். "நான் இன்னும் முடிக்கல."