டாக்சிக்காரர் வீட்டுத் தரை

வீடுகளில் கார் நிறுத்தும் கராஜ் தரைக்கு எபாக்சி என்கிற பிசின்பூச்சு பூசுவதுதான் என் அண்ணியின் தொழில். பூச்சு பிடிக்கும்படி தரையைச் சொரசொரப்பாக அரைக்கும் இயந்திரத்தை நான் பிடிப்பேன், மற்றதெல்லாம் அவர்தான். வாளியில் பிசினையும் அதை இறுக வைக்கும் திரவத்தையும் கலந்துவிட்டால் அப்புறம் அவரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கலவை வாளிக்குள்ளேயே சூடேறி இறுகிவிடும் என்பதால், கலந்த கையோடு தரையில் கொட்டி, உருளையால் இழுத்தபடியே பின்வாங்கி வாசலுக்கு வருவார். வெளியே வந்து நிமிரும்போது முகத்தில் ஒரு கர்வம் தெரியும். இருக்கட்டுமே, எனக்கு அது பிடிக்கும்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். மேற்பார்வையாளர் விரல் நீட்டிய மூலைக்கெல்லாம் ஓடியவர். அந்த வேலையை விட்ட அன்று பேருந்தில் உட்கார்ந்து அழுதாராம், சந்தோஷத்தில்.

அந்தச் சந்தோஷத்துக்கு உலை வைக்கப் பார்த்தது டாக்சிக்காரர் வீட்டுத் தரை. பூசிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு காலையில் அவர் காரைப் பின்னால் எடுக்க, சக்கரம் நின்ற நாலு இடத்திலும் பூச்சு டயரோடு உரிந்து வந்துவிட்டது. அண்ணியை வரவழைத்து, தெருவில் நிற்க வைத்தே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ தரை போட்டியா, ஸ்டிக்கர் ஒட்டினியா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அதே தெருவில் பேசி வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களும் அன்று மாலைக்குள் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று நழுவினார்கள். பழைய மேற்பார்வையாளருக்கு எப்படித்தான் மூக்கு வேர்த்ததோ, "இடம் காலியா இருக்கு, வர்றியா?" என்று போன் பண்ணினார். அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

டாக்சிக்காரர் மேலும் தப்பு இருந்தது. ஏழு நாள் கார் ஏற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். மனிதர் மூன்றாம் நாளே ஏற்றியிருக்கிறார். அவர் சம்சாரமே என்னிடம் சொன்னார்.

"அதைப் போட்டு உடைங்க அண்ணி. பழி அவர் தலையில விழட்டும்" என்றேன்.

அண்ணி கராஜுக்குள் போய், பூச்சு உரிந்த இடத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தார். தண்ணீர் சிமெண்டில் இறங்காமல் முத்து முத்தாக நின்றது.

"பாத்தியா? தரை தண்ணியையே குடிக்கல. எபாக்சியை எங்க குடிக்கப் போகுது?"

அது வழுவழுவென்று இழைத்த சிமெண்ட். எங்கள் இயந்திரம் அப்போது பழுதாகிக் கிடந்தது. "அரைக்கல்லாம் வேணாம் அண்ணி, ஆசிட் ஊத்திக் கழுவினாப் போதும்" என்று யோசனை சொன்ன மகராசன் நானேதான்.

அண்ணி நேராக டாக்சிக்காரரிடம் போனார். "மூணாம் நாள் கார் ஏத்தினது உங்க தப்பு அண்ணே. அரைக்காம பூசினது என் தப்பு. என் தப்புதான் பெருசு. மறுபடி போட்டுத் தர்றேன். இந்தத் தடவையும் உரிஞ்சா இந்தத் தொழிலையே விட்டுடறேன்."

என் மேல் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. தொழிலை விடுவதாகச் சொன்னது வெறும் பேச்சில்லை. அவர் சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

இயந்திரத்தைப் பழுது பார்த்து வாங்கி வந்து, பழைய பூச்சை முழுக்க எடுத்து இரண்டு நாள் அரைத்தேன். அண்ணி தூசியை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடிக்கு அடி தண்ணீர் தெளித்துப் பார்த்தார். ஒரு மூலையில் மட்டும் நீர் இறங்கத் தயங்கியது. "அரை" என்றார். அரைத்தேன். பிறகு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் தரையோடு ஒட்டி, ஒரு நாள் விட்டு, தரையிலிருந்து ஈரம் ஏறி அடியில் கோக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் வாளியைத் திறந்தார்.

டாக்சிக்காரர் இந்த முறை பளபளவென்று வெள்ளை நிறம் கேட்டார்.

"வெள்ளை போட்டா ஒவ்வொரு அழுக்கும் பல்லை இளிக்கும். ஈரக்காலோட வந்தா வழுக்கும் வேற" என்றார் அண்ணி.

"சாம்பலே போடும்மா! துடைக்கிறவ நான்தானே!" என்று உள்ளேயிருந்து சம்சாரத்தின் குரல் வந்தது. அதோடு விவகாரம் முடிந்தது. சாம்பல் நிறம் பூசி, அதன் மேல் வண்ணச் சில்லுகள் தூவி, வழுக்காமலிருக்க மேல்பூச்சில் பொடிமணல் கலந்தோம். ஏழு நாளும் கராஜ் கதவில் அண்ணியின் பூட்டு தொங்கியது. வீட்டுக்காரருக்கே அனுமதி இல்லை.

எட்டாம் நாள் டாக்சிக்காரர் வேண்டுமென்றே உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து, டயர் கொதிக்கக் கொதிக்க உள்ளே விட்டார். சூட்டு டயர்தானே பூச்சைப் பிடித்து இழுக்கும். "காலையில பாப்போம்மா" என்றார்.

காலையில் பாதித் தெரு வாசலில் நின்றது. நழுவிய மூன்று பேரும் பல்துலக்கும் பிரஷோடு வந்துவிட்டார்கள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கார் மெல்லப் பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தது.

டாக்சிக்காரர் இறங்கி வந்து மண்டியிட்டார். நகத்தால் சுரண்டினார். கார்ச் சாவியின் முனையால் நெம்பினார். பூச்சு அசைந்து கொடுக்கவில்லை. மங்கலாக நாலு கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. சம்சாரம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு இழுப்பு இழுக்க, அதுவும் போயிற்று.

"அவ்வளவுதான் பராமரிப்பு. மண்ணைக் கூட்டிடுங்க, எண்ணெய் சொட்டினா உடனே துடைங்க, ஆசிட்டைக் கிட்டவே கொண்டு வராதீங்க" என்றார் அண்ணி, கடைசி வீடு வரைக்கும் கேட்கும்படி. மூன்று பேரும் "எங்க வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்று மொய்த்துக்கொண்டார்கள். நான் விசிலே அடித்துவிட்டேன்.

டாக்சிக்காரர் மட்டும் காரைத் தெருவிலேயே பூட்டினார்.

"ஏன் அண்ணே, உள்ள விடலையா?" என்றார் அண்ணி.

"வேணாம்மா, வெளியவே நிக்கட்டும். இப்படி ஒரு தரை மேல டயரை ஏத்த மனசு வரல."

"டயரை ஏத்தத்தானே போட்டிருக்கேன்! ஏத்துங்க அண்ணே!"

அண்ணியை அதே தெருவில் நிற்க வைத்துக் கத்தின மனிதர், மறுபேச்சில்லாமல் கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, காரை உள்ளே விட்டார்.