அரிசி மூட்டைக்கும் அதே சத்தம்

எங்கள் காருக்குக் கோளாறு வந்ததும் அம்மாவுக்கு நோய் முற்றியதும் ஒரே சமயத்தில்தான். அம்மாவுக்கு இடுப்பெலும்பில் நோய். வாரா வாரம் ஆவுடையார்கோவிலிலிருந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஊசி போடக் கூட்டிப்போவேன். வலிக்குமே என்று வண்டியை உருட்டிக்கொண்டுதான் போவது. அப்படி மெதுவாகப் போனால்தான் பின்பக்கம் கடக் கடக்கென்று சத்தம் வரும். வேகமெடுத்தால் நின்றுவிடும். ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு எப்படி வேகமெடுப்பது?

அறந்தாங்கி மெக்கானிக்கிடம் விட்டேன். தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார், வண்டி ஜம்முனு இருக்கு" என்றார். மறுவாரம் அம்மா ஏறினாள், கடக் கடக். மறுபடி விட்டேன், மறுபடி ஜம்மென்று இருந்தது. ஆத்திரத்தில் டயரை ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான். என் மனைவி கண்திருஷ்டி என்று வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள், பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். சத்தம் எதற்கும் மசியவில்லை.

அம்மாதான் காரணம் கண்டுபிடித்தாள்.

"நான் ஏறுனாத்தானேப்பா சத்தம் வருது. என் ராசி அப்படி. நல்லா இருக்குற வண்டியவும் கெடுத்துப்புடுவேன். இனிமே நான் வரல."

சும்மா சொல்கிறாள் என்றிருந்தேன். ஊசி நாளன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன். அந்த வார ஊசி தவறிப்போனது.

அன்று மத்தியானம், கோபத்திலா பயத்திலா தெரியவில்லை, வீட்டிலிருந்த அரிசி மூட்டையைத் தூக்கி வண்டியில் அம்மா உட்காருகிற இடத்தில் வைத்தேன். மூட்டை அம்மாவைவிடக் கனத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் மெதுவாக உருட்டினேன். கடக் கடக்! அம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இன்னொரு தரம் ஓட்டிக் காட்டினேன்.

"பாத்தியாம்மா, இந்த மூட்டைக்கும் ராசி சரியில்லையாம்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்து உடனே முகம் சுருங்கியது.

மூட்டையோடு வண்டியைக் கொண்டுபோய் உருட்டிக் காட்டியதும் மெக்கானிக்குக்கும் சத்தம் கேட்டது. பின்சக்கரத்து ஷாக் அப்சர்பரில் ரப்பர் தேய்ந்திருந்ததாம், பாரம் ஏறினால் இரும்பும் இரும்பும் இடிக்குமாம். மாற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அம்மா மறுபேச்சில்லாமல் ஏறினாள். தெருமுனை வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. "எப்படிம்மா?" என்றேன், ஏதோ நானே கழற்றி மாட்டினவன் மாதிரி. அடுத்த வேகத்தடையில் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. பல்லைக் கடித்து அடக்கியும் மீறி வருகிற சின்ன முனகல். அதற்கடுத்ததிலும் கேட்டது. இத்தனை வாரமும் அந்தக் கடகடப்புக்குள் அம்மா முனகிக்கொண்டேதான் வந்திருக்கிறாள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இதற்குமேல் மெதுவாகப் போவதென்றால் வண்டியை நிறுத்தத்தான் வேண்டும்.

"ஏம்ப்பா, பாட்டு ஏதாச்சும் போடேன்" என்றாள் அம்மா. "கொஞ்சம் சத்தமாவே வையி."