எலும்பில் ஒட்டிய திருநீறு

அந்தக் காயத்தை நான் மூன்றரை மணி நேரம் மறைத்து வைத்திருந்தேன். இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். அடி அண்ணாமலையிலிருந்து மொபெட்டில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போய், டவுன் டீக்கடைகளுக்கு ஊற்றுவது என் பிழைப்பு. அன்று பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டம் இன்னும் பாதையில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த வேன் தட்டியதில், ஓரத்துச் சிறுபாலத்தின் கல்லில் இடுப்பு மோத விழுந்தேன். என்னைச் சுற்றிப் பால் ஓடியது. வலது கால் உள்பக்கம் திரும்பி, குட்டையாகத் தெரிந்தது. இடுப்புக்குப் பின்னால் கை வைத்தேன். சூடான ஈரம். அதற்குள் ஏதோ கூர்மையாக விரலில் பட்டது.

நடந்து வந்த ஒரு பெரியவர் ஓடிவந்தார். மடியில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். "அண்ணாமலையாரே, காப்பாத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே காயத்தின் ஓட்டைக்குள் அள்ளி அப்பினார். என் துண்டையே மடித்து மேலே வைத்து அழுத்தினார். ரத்தம் நின்றதுபோல் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் மல்லாக்கப் படுக்க வைத்ததும் காயம் எனக்கு அடியில் போய்விட்டது. என் மகள் வயதில் ஒரு நர்ஸ் வேட்டியை விலக்க வந்தார். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வேற எங்கனா ரத்தக் காயம் இருக்குதாங்க?"

"இல்லீங்க. காலுதான்."

பாதி வெட்கம். மீதி, கழுவிவிடுவார்களோ என்ற பயம். சாமியின் திருநீறு உள்ளே இருக்கிறது, அதுவே ஆற்றிவிடும் என்று முழு மனதோடு நம்பினேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஒரு கையைக் குழியாக்கி, இன்னொரு கையை மூடி அதில் வைத்துக் காட்டினார். "தொடை எலும்போட உருண்டை, இடுப்புக் குழில இப்படி உக்காந்து சுத்தணும். உங்களுக்குக் குழியோட பின்பக்கம் ஒடஞ்சி, உருண்டை வெளிய வந்துடுச்சி." கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். "நரம்பு பொழச்சிச்சி" என்றார்.

அப்போதுதான் என் மனைவி வந்து சேர்ந்தாள். விரிப்பைச் சரிசெய்ய இடுப்புக்கு அடியில் கை விட்டவள், கையை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது இன்னா ரத்தம்?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் தலை நிமிரல. எலும்பு ஒடஞ்சி கெடக்கறப்பவுமா வெக்கம்? டாக்டர், இங்க வந்து பாருங்க!"

புரட்டிப் பார்த்த டாக்டர் முகம் மாறிவிட்டது. அவர் நெற்றியிலும் திருநீறு இருந்தது.

"எலும்புல வெளிக்காத்து பட்டிருக்கு. எவ்ளோ நேரமா இப்படி?"

"காலைல பால் ஊத்தப் போறப்ப..."

"சாமி திருநீறு நெத்திக்குதாங்க. எலும்புக்குள்ள வேணாம்" என்றார். கோபம் இல்லை; அதுதான் என்னைக் குத்தியது.

"காலை எடுத்துடுவீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"காலு இருக்கும்மா. மூட்டுக்குள்ள சீழ் புடிச்சா, அந்த உருண்டையவே எடுக்க வேண்டி வரும். அப்புறம் கக்கூசுக்குப் போகவும் ஆள் தொணை வேணும்."

உடனே ஊசிகள் போட்டார்கள். முதுகில் மருந்து ஏற்றி இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது. பாட்டில் பாட்டிலாக உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவியது, வாளியில் விழும் சத்தமாகக் கேட்டது. "இன்னும் வெள்ளையா வருது, ஊத்துங்க" என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டே கிடந்தேன். கெட்ட சதையை வெட்டி எடுத்து, உருண்டையைக் குழிக்குள் தள்ளினார்கள். காயத்தைத் தைக்கவில்லை. தைத்தால் அழுக்கு உள்ளே தங்கிவிடுமாம். உருண்டை மறுபடி நழுவாமல் இருக்கக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். உடைந்த எலும்புக்குப் பிளேட் வைப்பது காயம் சுத்தமான பிறகுதான்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கழுவினார்கள். அதற்குப் பிறகு தினமும் கட்டு மாற்றினார்கள். டாக்டர் பழைய பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். அந்த ஒரு நொடிக்காக நானும் மனைவியும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். ஒன்பதாம் நாள் பஞ்சை மனைவியிடமே நீட்டினார். அவளும் முகர்ந்தாள். வாடை இல்லை என்று தலையை ஆட்டினாள்.

பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்ற விடவில்லை. இப்போது சாய்ந்து சாய்ந்து நடக்கிறேன், ஆனால் என் காலில்தான் நடக்கிறேன். அந்தப் பெரியவரை மறுபடி பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றியதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். பார்த்தாலும் வேறு சொல்ல எனக்கு மனம் வராது.

மறுபரிசோதனைக்குப் போகும்போது, நர்ஸ் திரையை இழுத்துவிட்டுத் திரும்புவதற்குள் நானே வேட்டியைத் தளர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிடுகிறேன். முகம் மட்டும் இன்னும் சுவர்ப் பக்கம்தான்.