அத்திம்பேர் போன உலகச் சுற்றுப்பயணம்

என் அக்கா பட்டுவின் கணவர், அதாவது என் அத்திம்பேர், ஜெயகிருஷ்ணனுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் எங்கள் காலனிச் சங்கத்துக்கு மூன்று முறை செயலாளர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவர் சரி என்றுவிட்டார், அவ்வளவுதான். ஒரு முகூர்த்த நாளில் கேம்ப் ரோட்டிலேயே இரண்டு ரிசப்ஷன். இரண்டிலும் "சாப்பிடாமப் போகக் கூடாது" என்றார்கள், இரண்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது மண்டபத்தில் மாப்பிள்ளை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. மறுநாள் முழுக்க என் அக்கா ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த அவஸ்தை அவரோடு நின்றிருந்தால் நான் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவருக்கு மாளவிகா என்று ஒரே பெண். நன்றாகப் பாடுவாள். அதுதான் அவள் செய்த தப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் "பாப்பா, ரெண்டு வரி பாடேன்" என்பார்கள், அத்திம்பேர் உடனே "பாடுடி" என்பார். கொலுவில் பாடினால்தான் சுண்டல். கிரகப்பிரவேசத்தில் பால் பொங்கி அடுப்பு அணைகிற நேரத்திலும் பாடியிருக்கிறாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில், குரங்குக் கூண்டுக்கு முன்னால், இவருடைய ஆபீஸ் நண்பரின் மாமனாருக்காக ஒரு கீர்த்தனை பாடியிருக்கிறாள். நண்பரின் மாமனார் பாதியில் ஐஸ்க்ரீம் வாங்கப் போய்விட்டார். குரங்குகள்தான் கடைசிவரை இருந்தன.

கல்லூரியில் அவளுக்கு ஜீவானந்தம் என்று ஒரு நண்பன் கிடைத்தான். வண்டலூர்ப் பையன், சர்ச்சில் வயலின் வாசிப்பவன். இவளுடைய ராகத்தைச் சுற்றி அவன் மேல்நாட்டு வாத்தியங்களை நிற்க வைத்தான். செல்லோ, பியானோ, நடுவில் நம் சண்முகப்ரியா. இதற்கு கிராஸ்ஓவர் என்று பெயராம். சபாக்காரர்கள் இது சங்கீதமே இல்லை என்றார்கள், சர்ச்சில் இது பிரமாதம் ஆனால் நமக்கு வேண்டாம் என்றார்கள். ஆனால் இவர்கள் இருவரும் போட்ட வீடியோவை உலகமெல்லாம் பார்த்தது. போன வருஷம் அழைப்பு வந்தது. சிங்கப்பூர், மெல்போர்ன், துபாய், கடைசியாக லண்டன்.

நான்கு ஊரை உலகம் என்று எண்ணி, பூமி உருண்டை போட்ட பிளெக்ஸ் ஒன்றைக் காலனி வாசலில் கட்டினார்கள். பூமி உருண்டையைவிடப் புதுச் சங்கச் செயலாளரின் போட்டோ பெரியதாக இருந்தது. பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று மாளவிகா, ஜீவா, அத்திம்பேரோடு என்னையும் கிளப்பினார்கள். நான் பிரம்மச்சாரி, கேட்பதற்கு ஆளில்லை.

தங்கும் ஏற்பாட்டை அத்திம்பேர் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஹோட்டல் எதுக்கு கிட்டு? நம்ம காலனிப் பசங்க இல்லாத ஊர் எது? நம்மாத்துல தங்கற மாதிரி இருக்கும்."

காலனி வாட்ஸப்பில் போட்டார். ஒரு மணி நேரத்தில் நான்கு ஊரிலும் வீடு தயார். வீட்டுக்கு வீடு வடாம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் என்று மூட்டை வந்தது. பையனுக்கு, மருமகளுக்கு, மருமகளின் தங்கைக்கு. எதையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. கச்சேரிப் புடவைகள் ஜீவாவின் பெட்டிக்குப் போயின, ஜீவாவின் கோட்டு என் பெட்டிக்கு வந்தது, என் வேட்டிகள் வீட்டிலேயே நின்றுவிட்டன.

சிங்கப்பூரில் இறங்கியதும் புரிந்துவிட்டது. சோறு போட்டவர்கள் பாட்டு கேட்டார்கள். முதல் நாள் இரவு ரெண்டு வரி. மறுநாள் காலை பக்கத்து பிளாட்டுக்காரர்கள் வந்தார்கள், அவர்களுக்கு ரெண்டு வரி. மெல்போர்னில் தோட்டத்தில் அடுப்பு மூட்டி, நடுங்கும் குளிரில், புகைக்கு நடுவே நிற்க வைத்துப் பாட வைத்தார்கள். துபாயில் எட்டாவது மாடியில் பிறந்தநாள் விழா. கேக் வெட்டும் வரை அவள் பாடவேண்டும், கேக் வந்து சேர நேரமாகிவிட்டது. இதற்கு நடுவில் நிஜக் கச்சேரிகள் வேறு இருந்தன.

"சார், இது டூரா, விருந்துக்குப் போய்க்கினு கீறோமா?" என்று ஜீவா விமான நிலையத்தில் கேட்டேவிட்டான். "அவ தொண்டை இன்னா இரும்பா?"

"எல்லாரும் ஆசையா கேக்கறா, ஜீவா. எப்படிச் சொல்றது?" என்றார் அத்திம்பேர்.

லண்டனில் இறங்கியபோது மாளவிகாவின் குரல் துருப்பிடித்த கேட் திறப்பதுபோல இருந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கச்சேரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் மேடையில் குரல் வராது என்று சொல்லிவிட்டார். மற்ற ஊர்களில் தமிழ்ச் சங்கம், பள்ளிக்கூட அரங்கு. லண்டனில்தான் நிஜ மண்டபம், முழு வாத்தியக் குழு. ஒரு பெரிய இசைத்தட்டு கம்பெனிக்காரர்கள் அவளைக் கேட்பதற்காகவே வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அவள் பாடகி. பிடிக்காவிட்டால் சேலையூருக்குத் திரும்பி, மறுபடி கொலு, மறுபடி சுண்டல்.

இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்திம்பேருக்கும் தெரியும். ஆனால் மாளவிகா வீட்டில் பாடுவாள் என்று அவர் புறப்படுவதற்கு முன்பே கேஷவிடம் சரி சொல்லியிருந்தார்.

கேஷவ் எங்கள் இரண்டாவது தெருப் பையன். அவன் வீட்டில்தான் தங்கியிருந்தோம். கச்சேரிக்கு முதல் நாள் சாயங்காலம் அவனும் அவன் மனைவி ஸ்நேகாவும் தெரிந்த குடும்பங்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் செருப்பும் ஷூவும் மலையாகக் கிடந்தன. ஹாலில் குத்துவிளக்கு, ஜமக்காளம், நடுவில் பாடகிக்கு ஒரு பட்டுத் துணி விரித்த இடம். மாடியில் மாளவிகா போனில் ஏதோ தட்டி அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, ப்ளீஸ்" என்று மட்டும் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனை ஜன்னல் வழியாகத் தள்ளியிருப்பேன். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

"நீ சொன்னா சண்டையா முடியும். நானே சொல்றேன்" என்று கையைப் பிடித்தார்.

கீழே போனோம். அத்திம்பேர் கைகூப்பினார். "எல்லாருக்கும் நமஸ்காரம். மாளவிகா வந்து..."

"வராளா அங்கிள்?" என்றாள் ஸ்நேகா. "எல்லாரும் எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கா தெரியுமா?"

"ஃபுல் சாங் வேண்டாம் சார், ரெண்டு வரி போதும்" என்றார் ஒருவர் பெருந்தன்மையாக.

அத்திம்பேர் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை அவர் தொண்டை வரை வந்ததை நான் பார்த்தேன். வெளியே வரவில்லை. விழுங்கிவிட்டார். சுற்றிலும் எல்லா முகங்களும் அவரையே பார்த்தன, சங்கக் கூட்டத்தில் பார்ப்பார்களே, அப்படி. தொலைந்தது என்று நினைத்தேன்.

அவர் நேரே போய் அந்தப் பட்டுத் துணியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்கு நான் பாடறேன்" என்றார்.

ஜீவா ஓடி வந்து வயலினோடு பக்கத்தில் உட்கார்ந்தான். "எந்த ஸ்ருதி சார்?"

"நீ எதை வேணா வை, ஜீவா."

எங்கள் அத்திம்பேர் குளியலறையில்கூடப் பாடியதில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டில் ஆரம்பித்தார். முதல் வரி ஒரு ஸ்ருதி, இரண்டாம் வரி வேறு, மூன்றாம் வரியில் ஜீவா தேடுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தைகள் சிரித்தன. பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். அத்திம்பேரின் காது சிவந்துவிட்டது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று வாழ்நாளெல்லாம் பயந்தவர், நாற்பது பேருக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து யாராவது மாடிப்படிப் பக்கம் திரும்பினால் உடனே அடுத்த பாட்டு. கோயில் பாட்டு, ரேடியோ பாட்டு, பாதி தெரிந்த பாட்டு, கடைசியில் கல்லூரி ஆண்டுவிழா வரவேற்புப் பாட்டு. நிறுத்தினால் அவளைக் கேட்பார்கள். அதனால் நிறுத்தவில்லை. "சாப்பாடு ஆறிடும்" என்று கேஷவே கெஞ்சும் வரை விடவில்லை.

மாளவிகா மாடிப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அந்த மனுஷனை இத்தனை வருஷமாகக் கிண்டல் செய்த நான், அவள் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் மண்டபத்தில் மாளவிகாவின் குரல் வந்தது. எப்படி வந்தது என்று எழுத எனக்குத் தெரியாது. ஜீவா வாசிப்பதை மறந்து ஒரு கணம் அவளைப் பார்த்தான், அது போதும். கம்பெனிக்காரர்கள் மேடைக்குப் பின்னால் வந்து அடுத்த வருஷத்துக்குத் தேதி கேட்டார்கள்.

நாங்கள் சேலையூர் திரும்புவதற்குள் அத்திம்பேரின் கச்சேரி காலனி வாட்ஸப்புக்கு வந்துவிட்டிருந்தது. மாளவிகாவின் லண்டன் வீடியோவைவிட அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். காய்கறிக்காரர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கேம்ப் ரோட்டில் இவர் நடந்தால் யாராவது ஒருத்தர் அந்த வரவேற்புப் பாட்டை முனகுவார்.

ஒருநாள் காலையில் போனைக் கொண்டுவந்து என்னிடமே கேட்டார்.

"கிட்டு, நிஜமாச் சொல்லு. ரொம்ப மோசமாவா இருக்கு?"

"சகிக்கலை அத்திம்பேர்."

"மறுநாள் அவ குரல் நன்னா இருந்ததோல்லியோ?"

"ரொம்ப நன்னா இருந்தது."

"அப்ப பாத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.