சாயப்பட்டறைக்குப் போட்ட பிளாண்ட்டும் கோமதியின் கிணறும்

1. போர் காற்று வாங்கிய நாள்

"சார், போர் காத்து வாங்குது. மொதலாளி ஒங்கள ஒடனே வரச் சொன்னாவ."

செல்லையா அண்ணாச்சி பட்டறையின் சாய மாஸ்டர் போனில் இதைச் சொன்னபோது நான் இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பெனிகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பவும் அவர்களுக்கே கொடுக்கிற பிளாண்ட்டை விற்பது, போட்டுக் கொடுப்பது, பழுது பார்ப்பது, இதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் வேலை. மழை பெய்தால் எங்களை எவனும் கேட்டுக்குள் விடமாட்டான். போர் வற்றினால்தான் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். ஊர் வாடினால் எங்களுக்கு சீசன். அப்படி ஒரு பிழைப்பு.

செல்லையா அண்ணாச்சியின் சாயப்பட்டறை சங்கரன்கோவிலுக்கு வெளியே, குருவிகுளம் போகிற பக்கம் இருந்தது. ஊரில் ஓடுகிற விசைத்தறிகளுக்கு நூலில் சாயம் ஏற்றிக் கொடுப்பார். ஆறு தொட்டி. இரண்டு வருஷமாக அவரிடம் நடையாய் நடந்திருந்தேன். போகும்போதெல்லாம் ஒரே பாட்டுதான்.

"ஒருத்தன் குளிச்ச தண்ணியில இன்னொருத்தன குளிக்கச் சொல்லுதீரு. இந்தச் சேலையக் கட்டிக்கிட்டுத்தான் பொம்பளையாளுவ கோயிலுக்குப் போவுது. எச்சித் தண்ணியில முக்குன நூலுன்னு தெரிஞ்சா எவ வே வாங்குவா?"

நானும் சளைக்காமல் விளக்குவேன். இ.டி.பி. என்கிற சுத்திகரிப்புத் தொட்டியில் அழுக்கு போய்விடும், மணல் ஃபில்டர், கரி ஃபில்டர் தாண்டி ஆர்.ஓ.வுக்குப் போகும், வருகிற தண்ணீர் உங்கள் போர் தண்ணீரைவிடச் சுத்தம் என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அன்று போனபோது மோட்டார் ரூம் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பைப் இரண்டு தடவை இருமும், ஒரு தடவை துப்பும். "சவத்து மோட்டார இதுக்கு மேல இறக்க எடமில்ல வே. லாரித் தண்ணி அடிச்சு எத்தன நாளைக்கு ஓட்டுவேன்?" என்றார்.

நான் இராஜபாளையத்தில் வேறொரு கஸ்டமரின் பிளாண்ட்டிலிருந்து ஒரு கேன் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வாளி கேட்டேன். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். ஒரே அளவு சாயம், ஒரே நூல், அரக்குச் சிவப்பு. மாஸ்டரையே முக்கச் சொன்னேன். அங்கே போர் தண்ணீர் உப்பு; சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். காய்ந்ததும் இரண்டு நூலையும் வெயிலில் பிடித்துப் பார்த்த மாஸ்டர், "யம்மாடி, இது என்ன இப்படி எரியுது!" என்றார். கேன் தண்ணீரில் முக்கியதைத்தான்.

அண்ணாச்சி நூலைக் கசக்கிப் பார்த்தார். வெள்ளை வேட்டியில் தேய்த்தும் பார்த்தார். பிறகு கேட்டார். "சரி வே. அம்புட்டும் போட்டு, எனக்கு என்ன மிச்சம்? தண்ணி மட்டுந்தானே?"

அந்த இடத்தில் நான் சொன்னதை எந்தக் கம்பெனி ட்ரெய்னிங்கிலும் சொல்லித் தரவில்லை. என் வாயில் தானாக வந்தது.

"இருக்குற போரையே வச்சு இன்னும் ஆறு தொட்டி ஓட்டலாம் அண்ணாச்சி."

அவர் ஸ்டூலை விட்டு எழுந்து என் தோளில் கை போட்டார். இரண்டு வருஷம் எச்சித் தண்ணி பேசிய மனுஷன் அந்த ஒரு பேச்சுக்கு விழுந்துவிட்டார். அன்றைக்கு அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

2. மனு

ஆர்டர் கையெழுத்தாகும் முன் ஒரு சிக்கல் வந்தது. "பக்கத்துத் தோட்டத்துக்காரி கலெக்டருக்கு மனு எழுதி வச்சிருக்கா. இப்பத்தான் நம்ம லைசென்ஸு புதுப்பிக்கப் போட்டுருக்கு. அது நின்னுச்சுன்னா பிளாண்ட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீரே போயி ஒரு வார்த்த பேசும்," என்றார் அண்ணாச்சி.

காம்பவுண்டுச் சுவருக்கு மேற்கே கோமதியின் பிச்சித் தோட்டம். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் கேரளாவில் பேக்கரி வேலை. விடியும் முன்னே பூப்பறித்து சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவாள். குடும்பமே அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. என்னை நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"எண்ணிப் பாருங்க சார். இருவத்திரண்டு படி வெளிய தெரியுது. அவுக போர் போடுததுக்கு முன்ன பத்துப் படிக்கு மேல நான் பாத்ததே கெடையாது. அந்த மோட்டார் ஓடுனா இங்க ஊத்து நிக்கிது. நிறுத்துனா வருது. இதுக்கு ஒரு இன்ஜினியர் வந்து சொல்லணுமா?"

வேண்டியதில்லைதான். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்த மனுவைப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்திருந்தாள். வாங்கிப் படித்தேன். ஒரு வார்த்தை கூடுதல் குறைவு இல்லை. திங்கட்கிழமை தென்காசிக்குப் போய்க் குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதாக இருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றேன். "பிளாண்ட் வந்துட்டா போர் பாதி நேரம்தான் ஓடும். ஒங்க கெணறு தன்னால ஊறும். மனு, கேசுன்னு போனா பிளாண்ட்டும் வராது, போரும் நிக்காது. நான் சிவகிரிக்காரன், வெளியாளு இல்ல. என்ன நம்புங்க."

அவள் கிணற்றுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "சரி சார், ஒங்கள நம்புதேன்," என்று கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் திங்கட்கிழமை அவள் தென்காசி போகவில்லை.

நான் பொய் சொன்னேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பாதி நேரம் ஓடும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் முந்தின வாரம்தான் அண்ணாச்சியிடம் இன்னும் ஆறு தொட்டி என்று சொல்லியிருந்தேன். மிச்சமாகப் போவது ஒரே தண்ணீர். அதைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவருக்கும் அந்தப் பக்கம் ஒருத்திக்கும் விற்றிருக்கிறேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. அந்த வருஷ டார்கெட்டில் ஒரு பிளாண்ட் குறைவாக இருந்தது என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

3. நாலு படி

பிளாண்ட் ஓட ஆரம்பித்தது. என் சர்வீஸிலேயே அவ்வளவு நன்றாக அமைந்த பிளாண்ட் வேறு இல்லை. ஆர்.ஓ. கழித்துத் தள்ளும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கினோம். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. போர் நிஜமாகவே பாதி நேரம்தான் ஓடியது.

ஒரு நாள் கோமதி போன் போட்டாள். "சார், நாலு படி ஏறிருக்கு! நீங்க சொன்னது நெசந்தான்!" சிரித்துக்கொண்டே பேசினாள். அடுத்த சர்வீஸுக்குப் போனபோது வாழை இலையில் ஒரு பந்து பிச்சிப்பூ சுற்றிக் கொடுத்தாள். "மதினிக்குக் குடுங்க." பஸ் முழுக்க மணத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரியிடம் அன்று ரொம்பப் பெருமையாகப் பேசினேன். ஒரு தொழிலதிபரைத் திருத்தினேன், ஒரு கிணற்றைக் காப்பாற்றினேன் என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் பேசினேன்.

4. ஆறும் ஆறும்

மூன்றாவது மாதம் சர்வீஸுக்குப் போனால் பட்டறையில் புது ஷெட். உள்ளே ஆறு புதுத் தொட்டி. போர் பழையபடி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"என்ன வே தெரியாத மாதிரி கேக்குதீரு? நீருதானே சொன்னீரு, அதே போர்ல இன்னும் ஆறு தொட்டின்னு?"

"சொன்னேன் அண்ணாச்சி. ஆனா பக்கத்துக் கெணறு..."

"நான் தண்ணிய வீணாக்குதேனா? ஒரு சொட்டு ரோட்டுக்குப் போவுதா, பாத்துச் சொல்லும். புதுசா பன்னெண்டு குடும்பத்துக்கு வேல குடுத்துருக்கேன். முன்ன எடுத்ததவிட ஒரு கொடம் கூட எடுக்கல. பொறவு என்ன தப்பு?"

எல்லா மீட்டரையும் போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியோடுதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிளாண்ட் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே ஓடியது. அவர் திருட்டுத்தனமாகப் பைப் போட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நான் சொல்லிக் கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்திருக்கிற மனுஷனை என்ன செய்வது?

எங்கள் கம்பெனி மேனேஜரிடம் சொன்னேன். "போர்ல ஒரு மீட்டர் போட்டு, இவ்வளவுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட் வைக்கலாம் சார்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படி அக்ரிமெண்ட் போட்டா எவன் நம்மகிட்ட வாங்குவான்? பிளாண்ட் ஓடுதா, அதோட நம்ம வேல முடிஞ்சுது."

கோமதி போன் போட்டுக்கொண்டே இருந்தாள். பதினெட்டுப் படி தெரிகிறது என்றாள். பிறகு இருபது. பிறகு இருபத்திரண்டு, பழைய இடம். அந்த வருஷம் மழையும் கைவிட்டது. இருபத்தாறு. "சார், பிளாண்ட்டு ரிப்பேரா இருக்கா? ஒரு எட்டு வந்து பாருங்களேன்," என்றாள். பிளாண்ட் கெட்டுப்போனதால்தான் கிணறு இறங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிளாண்ட் நன்றாக ஓடுகிறது என்பதை எப்படிச் சொல்வேன்? "பாக்குதேன்மா" என்று சொல்லிச் சொல்லியே காலம் தள்ளினேன். ஒரு கட்டத்தில் அவள் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி அந்தப் பிளாண்ட்டை மற்ற முதலாளிகளுக்குக் காட்டச் சொன்னது. ஐந்து பேரைக் கூட்டிப் போனேன். சுற்றிக் காட்டி முடித்ததும் ஒருவர் கேட்டார், "இதுல எங்களுக்கு என்ன லாபம்?" சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் தோட்டம் தெரியும். பிச்சிக்கொடி பாதி காய்ந்து விறகாக நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அதே போர்ல ரெட்டிப்பு உற்பத்தி," என்றேன். இரண்டு பிளாண்ட் ஆர்டர் ஆயிற்று. ஒன்று சிவகிரி ரோட்டில், என் சொந்த ஊர்ப் பக்கம்.

5. கடைசி சர்வீஸ்

ரிட்டையர் ஆகிற மாதம் கடைசித் தடவையாகப் பட்டறைக்குப் போனேன். ஆர்.ஓ.வின் மெம்ப்ரேன் சவ்வை மாற்றிவிட்டு வெளியே வந்தால், மூங்கில் கழியில் ஈர நூலை உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் கோமதி. முழங்கை வரைக்கும் நீலச் சாயம். ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

"வாங்க சார். நல்லாருக்கியளா? மதினி சொகமா?"

"இங்கயா வேல பாக்குதிய?"

"ஆமா சார், ஒரு வருசமாச்சு. கெணத்துல அடிப்பாறை தெரிஞ்சுட்டு. கொடியெல்லாம் வெட்டிப் போட்டாச்சு. மொதலாளிதான் கூப்பிட்டு வேல குடுத்தாவ. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. "என் மேல கோவம் இல்லியாம்மா?" என்று நானே கேட்டேன்.

"ஒங்க மேல எதுக்கு சார்? மழ இல்ல, என்ன செய்ய?" இன்னொரு கழி நூலை எடுத்து உதறினாள். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது. "மன்னிச்சுக்கிடுங்க சார்," என்று பதறினாள். பிறகு கழியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஒரே ஒண்ணு மட்டும் கேக்குதேன். தப்பா நெனைக்காதிய. அன்னைக்கு நான் அந்த மனுவக் குடுத்துருந்தா, கெணறு பொழச்சிருக்குமா?"

எனக்கு விடை தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயத்தில் பக்கத்துக் கிணற்றுக்காரர் மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை வேறொரு ஊரில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் ஆட்கள் வந்து அளந்தார்கள். போர் இத்தனை மணி நேரம்தான் ஓடலாம், தொட்டியைக் கூட்டக் கூடாது என்று எழுதினார்கள். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பிளாண்ட் போட்டார். அந்தக் கிணற்றில் இன்றைக்கும் தண்ணீர் கிடக்கிறது.

"பொழச்சிருக்காதும்மா," என்றேன்.

அவள் மூச்சை விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். நானும் மூணு வருசமா இத நெனச்சு நெனச்சு ஒறக்கமில்லாமக் கெடந்தேன் சார். நம்மதான் ஏமாந்துட்டமோன்னு." திரும்பவும் கழியை எடுத்துக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தச் சொல்லுங்கள், நல்ல காரியம். ஆனால் மிச்சமாகும் தண்ணீர் யாருக்கு என்பதை மோட்டார் போடும் முன்பே காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் விற்காதீர்கள். என்னால் முடியவில்லை, உங்களாலும் முடியுமா என்று எனக்குத் தெரியாது. அதுவும் முடியாதென்றால், பக்கத்துத் தோட்டத்துக்காரி மனுவோடு தென்காசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது குறுக்கே மட்டும் போகாதீர்கள். அவள் போய்க் கொடுக்கட்டும்.